பணி அறிமுகம்

பணி அறிமுகம் என்பது ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பணியாளர் அங்குள்ள வேலையையும், விதிகளையும், ஆபத்துகளையும், மனிதர்களையும் அறிந்து, அச்சமின்றித் தம் வேலையைச் செய்யும் நிலையை அடைவதற்காக அந்நிறுவனம் மேற்கொள்ளும் முயற்சிகளின் தொகுப்பு ஆகும். இது மனிதவள மேலாண்மையின் ஒரு பகுதி. அறிமுகப் பயிற்சி, புகுமுகப் பயிற்சி ஆகிய சொற்களும் இதே பொருளில் வழங்குகின்றன. தொழிற்சாலைகளில் இதனை "இண்டக்சன்" என்றும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் "ஆன்போர்டிங்" என்றும் அழைப்பர். புதியவர் நாளடைவில் அவ்விடத்து வழக்கங்களைத் தமதாக்கிக்கொள்வதைச் சமூகவியலார் நிறுவனச் சமூகமயமாதல் என்பர். முன்னது நிறுவனம் செய்வது. பின்னது, நிறுவனம் எதுவும் செய்யாவிட்டாலும் புதியவருக்கு நிகழ்வது.

(கும்மிடிப்பூண்டியில் "இண்டக்சன்" என்ற சொல்லைக் கேட்பவர் முதலில் நினைப்பது இரும்பை உருக்கும் மின்தூண்டல் உலையைத்தான். இக்கட்டுரை உலையைப் பற்றியதன்று. எனினும் உலையும் இதில் இடம்பெறுகிறது.)

இக்கட்டுரை பணி அறிமுகத்தின் கூறுகளைத் திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

கடம்பத்தூர் - கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி

கடம்பத்தூர் சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவள்ளூரை அடுத்து அமைந்த ஊர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். இதன் அருகே அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்சு ஆலையில் 1998 முதல் மிட்சுபிசி லேன்சர் மகிழுந்துகள் தயாரிக்கப்பட்டன. அதே நிறுவனம் திருவள்ளூரில் நடத்திவந்த மண்வாரி இயந்திரப் பிரிவை 2001 இல் கேட்டர்பில்லர் நிறுவனம் வாங்கியது. மகிழுந்து ஆலை பின்னர் கைமாறி, சிட்ரோயன் மகிழுந்துகள் தயாராகும் இடமாயிற்று. ஆலையின் பெயர்ப்பலகை மாறும்போது இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் ஒருவகையில் புதியவராகிவிடுகிறார் என்பதைப் பணி அறிமுகம் குறித்த நூல்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மாவட்டத்தின் வடகிழக்கில், சென்னை - கூடூர் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டி உள்ளது. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும், கம்பி உருட்டாலைகளும், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும், வேதிப்பொருள் ஆலைகளும் இயங்குகின்றன. அருகிலுள்ள தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகத்தில் மிச்செலின் டயர் ஆலை அமைந்துள்ளது.

இப்பகுதியில் வேலைக்குச் சேர்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். சுற்றுவட்டக் கிராமங்களில் வேளாண் குடும்பங்களிலிருந்து வருபவர்கள், தொழிற்பயிற்சி நிலையம் அல்லது பாலிடெக்னிக் முடித்த இளைஞர்கள், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், சார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஒப்பந்ததாரர் மூலமாகவோ உறவினர் துணையுடனோ வருபவர்கள் எனப் பலரும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். இவர்களுள் பலருக்குத் தொழிற்சாலை என்பதே முதல் அனுபவம். எனவே எல்லோருக்கும் ஒரே உரையை ஒரே மொழியில் நிகழ்த்திப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது பணி அறிமுகமாகாது.

வரலாறு

இந்தியாவின் தொடக்ககால ஆலைகளில் புதியவரை வேலைக்கு எடுப்பவரும், வேலை கற்றுக்கொடுப்பவரும், வேலையைவிட்டு நீக்குபவரும் ஒருவரே. சென்னை ஆலைகளில் அவர் மேஸ்திரி எனப்பட்டார். பம்பாயில் ஜாபர் எனப்பட்டார். ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவது, தங்க இடம் காட்டுவது, முன்பணம் கொடுப்பது, இயந்திரத்தின் முன் நிறுத்துவது யாவும் அவர் பொறுப்பு. புதியவருக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையது என்பதால் இம்முறை ஓரளவு பயன் தந்தது. அதே காரணத்தால் கையூட்டுக்கும் கொடுமைக்கும் இடம் தந்தது.

1929 இல் அமைக்கப்பட்ட, விட்லி தலைமையிலான தொழிலாளர் குறித்த அரச ஆணையம் 1931 இல் அளித்த அறிக்கையில் இம்முறையைக் கடுமையாகக் குறைகூறியது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபர்களிடமிருந்து விலக்கி, அதற்கெனத் தொழிலாளர் அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என விதித்தது. மேஸ்திரி மறைந்துவிடவில்லை, இன்று அவர் ஒப்பந்ததாரராகவோ, ஒப்பந்ததாரரின் கண்காணிப்பாளராகவோ உள்ளார்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின்போது அனுபவமற்ற பெருந்தொகையினரை விரைவில் ஆலைவேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1940 முதல் 1945 வரை நடத்தப்பட்ட "தொழிலகத்துள் பயிற்சி" என்னும் அரசுத் திட்டம், மேற்பார்வையாளர்களுக்குக் கற்பிக்கும் முறையையே கற்பித்தது. கற்பவரின் பதற்றத்தைப் போக்கி ஆயத்தப்படுத்துதல், வேலையைப் படிப்படியாகச் செய்துகாட்டி ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுதல், அவரையே செய்யவைத்து விளக்கச் சொல்லுதல், பின்னர் தனியே விட்டு அடிக்கடி வந்து பார்த்தல் என்பன அதன் நான்கு நிலைகள். கற்பவர் தேறவில்லையெனில் பொறுப்பு கற்பிப்பவருடையது என்பதே இதன் அடிப்படை. போருக்குப் பின் இது சப்பானில் வேரூன்றியது. சப்பானிய மேலாண்மை முறைகள் வழியாக இந்திய வாகன உதிரிபாக ஆலைகளுக்கும் இதன் கூறுகள் வந்து சேர்ந்தன.

முதல் நாள்

முதல் நாளின் பெரும்பகுதி தாள்களில் கழிகிறது. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கல்விச் சான்று, புகைப்படம், மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவை பெறப்படுகின்றன. அடையாள அட்டை வழங்கப்படுகிறது. விரல்ரேகை அல்லது முகப்பதிவு எடுக்கப்படுகிறது. இவை நிறுவனத்திற்குத் தேவையானவை. புதியவருக்குத் தேவையான செய்திகள் வேறு: ஷிப்ட் நேரம், பேருந்து நிற்குமிடம், சாப்பாட்டு நேரம், கழிப்பறை இருக்குமிடம், சம்பளம் எந்நாளில் வரும், அதில் எவ்வெவை பிடிக்கப்படும், விடுப்பு வேண்டுமெனில் யாரிடம் கேட்பது என்பன. இவற்றுள் கழிப்பறை அற்பச் செய்தியாகத் தோன்றலாம். கேட்கக் கூச்சப்பட்டு அரை நாள் பொறுத்திருந்த அனுபவம் இல்லாதவர் குறைவு. பெண்களுக்கு இது மேலும் கடினம்.

தாள்களிலும் இரண்டினைப் பற்றிப் புதியவருக்கு விளக்க வேண்டும். ஒன்று, வருங்கால வைப்புநிதியின் பொதுக் கணக்கு எண். 2014 முதல் வழங்கப்படும் இவ்வெண், நிறுவனம் மாறினாலும் மாறாதது. முன்னர் வேறிடத்தில் வேலை செய்தவர் தம் பழைய எண்ணைத் தெரிவிக்காவிடில் புதிய எண் ஒன்று உருவாகி, பழைய சேமிப்பு தனியே தங்கிவிடும். மற்றொன்று, தொழிலாளர் அரசு ஈட்டுறுதி எனப்படும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு. 2017 சனவரி முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதன்கீழ் வருகின்றனர். நோய்க்கால உதவித்தொகை பெறுவதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பணியின்போது ஏற்படும் காயத்திற்கு அவ்வாறு எந்தக் காத்திருப்பும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளில் அடிபட்டவருக்கும் உரிமை உண்டு. புதியவர் பலர் இதனை அறியாமல், "சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லையே" என்றெண்ணித் தனியார் மருத்துவமனையில் கைப்பணம் செலவிடுகின்றனர்.

தளத்தில் கற்றல்

புதியவருக்கு ஆபத்து மிகுந்த காலம் தொடக்க வாரங்களே. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள பணி மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகள், ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவர் விடுப்பு எடுக்கும் அளவிற்குக் காயமடையும் வாய்ப்பு, ஓராண்டிற்கு மேல் அனுபவமுள்ளவரைக் காட்டிலும் மும்மடங்குக்கும் அதிகம் எனக் காட்டின. வயது இளமை மட்டும் இதற்குக் காரணமன்று. நடுவயதினரும் புதிய வேலையில் அதே ஆபத்தைச் சந்திக்கின்றனர்.

கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இதன் பொருள் தெளிவானது. மின்தூண்டல் உலையில் பழைய இரும்பைப் போடும் வேலை பார்ப்பதற்கு எளியது. பெரும்பாலும் புதியவரிடமே கொடுக்கப்படுவது. ஆனால் ஈரமான இரும்போ, வாய் மூடிய குழாயோ, காலி வாயு உருளையோ உருகிய உலோகத்தில் விழுந்தால் உள்ளிருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, அல்லது அடைபட்ட காற்று விரிந்து, உருகிய இரும்பை வெளியே வீசியெறியும். மழைக்காலத்தில் திறந்தவெளியில் குவித்த இரும்பு எல்லாமே ஈரம்தான். "இரும்பை அள்ளிப் போடு" என்று மட்டும் சொல்லப்பட்டவர், எதைப் போடக்கூடாது என்று அறிய வழியில்லை. கம்பி உருட்டாலையில் உருளைகளுக்கு இடையே தடம் மாறும் செஞ்சூட்டுக் கம்பி பாம்பு போல வெளியே பாயும். எங்கே நிற்கக்கூடாது என்பதே அங்கு முதல் பாடம்.

அழுத்து இயந்திரம் எனப்படும் பிரஸ் மற்றொரு எடுத்துக்காட்டு. பல இயந்திரங்களில் இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கைகள் இரண்டும் அச்சிற்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. உற்பத்தி எண்ணிக்கையை எட்டும் அவசரத்தில் ஒரு பொத்தானைக் கட்டி வைத்துவிட்டு ஒரு கையால் இயக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. காலையில் பயிற்சி அறையில் இரு பொத்தான் விதியைக் கேட்ட புதியவர், மாலையில் தளத்தில் மூத்தவர் ஒரு கையால் ஓட்டுவதைக் காண்கிறார். அவர் எதைக் கற்றுக்கொள்வார் என்பதில் ஐயமில்லை. மூத்தவரைப் போல் செய்யாவிட்டால் "அண்ணே" என்று அழைத்து அருகில் நிற்கும் உறவும் கெட்டுப்போகும். எனவே பணி அறிமுகத்தின் தரத்தை உரையின் நீளமோ படக்காட்சியோ தீர்மானிப்பதில்லை. புதியவர் யாருக்கு அருகில் நிறுத்தப்படுகிறார் என்பதே தீர்மானிக்கிறது. நன்கு நடக்கும் ஆலைகளில் புதியவருக்குத் துணையாக ஒரு மூத்த தொழிலாளர் பெயர் குறித்து அமர்த்தப்படுவார். அந்நாட்களில் அவருடைய உற்பத்தி இலக்கு குறைக்கப்படும். இலக்கைக் குறைக்காமல் துணையை மட்டும் அமர்த்துவது இருவருக்கும் சுமை.

மொழி

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் அறிவிப்புப் பலகைகள் நெடுங்காலமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்துவந்தன. 1946 ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டமும் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே எழுதிவைக்க வேண்டும் என்றே விதித்திருந்தன. பெரும்பாலோர் மொழி தமிழாக இருக்கும் ஆலையில் ஐம்பது ஒடியா மொழியினர் இருந்தால் அவர்களுக்கு அந்தப் பலகை ஓர் ஓவியமே. இரவு ஷிப்டில் அவர்களே பெரும்பாலோர் ஆகிவிடுவதும் உண்டு.

வெளிமாநிலத் தொழிலாளர் யாவரும் இந்தி அறிவர் என்ற கருத்து பரவலாக உள்ளது, அது பிழையானது. ஒடியா, வங்காளம், அசாமியம், சந்தாலி ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோரும், பேச்சு இந்தி மட்டும் அறிந்து எழுத்து அறியாதோரும் பலர். இதனால் படங்கள், நிறங்கள், செய்துகாட்டல் ஆகியவை எழுத்தினும் பயன்படுகின்றன. கேட்டவரைத் திரும்பச் செய்துகாட்டச் சொல்வதே புரிந்ததா என்றறியும் வழி. "புரிந்ததா?" என்ற வினாவிற்கு எந்த மொழியிலும் தலையசைப்பே விடையாகக் கிடைக்கும்.

பணியிடத்தில் நம்பத்தக்க ஒருவர் இல்லாதபோது புதியவர் செய்திகளைக் கைப்பேசி வழியே பெறுகிறார். 2023 மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்வையிட்டது; தமிழ்நாட்டுக் காவல்துறை இந்தியிலும் விளக்கங்கள் வெளியிட்டது.

தங்குமிடம்

ஊரைவிட்டு வந்தவருக்கு வேலையும் இருப்பிடமும் தனித்தனி அல்ல. 2021 திசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி, சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் பலர் உணவு நஞ்சானதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் நிலை குறித்துத் தெளிவான செய்தி கிடைக்காத நிலையில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் பணியாற்றிய பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். யாரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியானது. ஆலை மூடப்பட்டு 2022 சனவரியில் மீண்டும் இயங்கியது. குறைகளை யாரிடம், எந்நேரத்தில் சொல்வது என்பதைப் புதியவருக்குத் தெரிவிப்பதும், சொன்னபின் விடை கிடைப்பதும் பணி அறிமுகத்தின் பகுதியே என்பதை இந்நிகழ்வு காட்டியது.

ஆய்வுகள்

இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, டெக்சாசு இன்சுட்ருமென்ட்சு நிறுவனத்தில் ஏர்ல் கோமர்சால், ஸ்காட் மயர்ஸ் ஆகியோர் நடத்தி 1966 இல் வெளியிட்ட ஆய்வு. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலையில் சேர்ந்த பெண்கள் முதல் வாரங்களில் பதற்றமடைவதையும், பழைய பணியாளர்கள் அவர்களை மிரட்டிக் கேலி செய்வதையும், ஐயங்களை மேற்பார்வையாளரிடம் கேட்க அவர்கள் அஞ்சுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். மேற்பார்வையாளரும் அதே அளவு பதற்றத்தில் இருந்தனர் என்பது சுவையான கண்டுபிடிப்பு.

புதியவருள் ஒரு குழுவினருக்கு வழக்கமான இரண்டு மணிநேர அறிமுகம் தரப்பட்டது. மற்றக் குழுவினர் முதல் நாள் முழுவதும் வேலையில் இறக்கப்படவில்லை. அவர்களிடம் நான்கு செய்திகள் விளக்கப்பட்டன: நீங்கள் வெற்றிபெறும் வாய்ப்பு மிக அதிகம், பழையவர்களின் பயமுறுத்தலைப் பொருட்படுத்த வேண்டாம், நீங்களாகவே பேச முன்வாருங்கள், உங்கள் மேற்பார்வையாளர் இப்படிப்பட்டவர். இக்குழுவினர் மற்றவரினும் விரைவில் வேலையில் தேர்ந்தனர். வேலைக்கு வராமையும், தாமதமும், வீணாகும் பொருளும் குறைந்தன. ஒரு நாள் உற்பத்தியை இழந்தது இழப்பாக முடியவில்லை.

ஜான் வான் மானன், எட்கார் ஷைன் ஆகியோர் 1979 இல், நிறுவனங்கள் புதியவரை ஆட்படுத்தும் வழிகளை ஆறு இணைகளாக வகுத்தனர். குழுவாகவா தனியாகவா, தனி வகுப்பிலா வேலையினூடாகவா, மூத்தவர் வழிகாட்டுகிறாரா இல்லையா என்பன அவற்றுள் சில. புதியவரின் இயல்பை ஏற்று வளர்ப்பதா, அதனைக் களைந்து புதிதாக வார்ப்பதா என்பது அவற்றுள் சிந்திக்கத்தக்கது. முடிவெட்டிச் சீருடை அணிவித்துப் பழைய அடையாளத்தை நீக்கும் படைப்பயிற்சி இரண்டாம் வகைக்குச் சான்று. தொழிற்சாலைகளிலும் இவ்வகையின் சாயல் உண்டு.

சட்டநிலை

1984 போபால் நச்சுவாயுக் கசிவிற்குப் பின், 1987 இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. தொழிலாளரின் பாதுகாப்பிற்கு வேண்டிய தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை வழங்குவது ஆலை நடத்துபவரின் கடமையாயிற்று. பயிற்சி பெறுவது தொழிலாளரின் உரிமையாயிற்று. அதாவது பணி அறிமுகத்தின் பாதுகாப்புப் பகுதி நிர்வாகத்தின் நல்லெண்ணம் சார்ந்ததாக இல்லாமல் சட்டக் கடமையானது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, முற்கூறிய நடுவண் சட்டங்களின் இடத்தைப் பெற்றன. தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் குறித்த 2020 ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒவ்வொரு பணியாளருக்கும் நியமன ஆணை எழுத்தில் வழங்கப்பட வேண்டும் என்கிறது. நல அலுவலருக்கான எண்ணிக்கை 500 இலிருந்து 250 ஆகக் குறைந்தது. ஒப்பந்ததாரர் வழியாக அன்றித் தாமாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தவரும் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டனர். 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பந்ததாரர் வழி வந்தவருக்கே இடமிருந்தது. மறுபுறம், நிலையாணைகள் கட்டாயமாகும் எண்ணிக்கை 100 இலிருந்து 300 தொழிலாளராக உயர்ந்தது. கும்மிடிப்பூண்டி, காக்களூர் போன்ற வளாகங்களிலுள்ள சிறு ஆலைகள் பல இவ்வெல்லைக்குக் கீழே உள்ளவை. அவற்றில் சேரும் புதியவருக்கு வேலை விதிகள் எழுத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்

பணி அறிமுகம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் நிரந்தரப் பணியாளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மைய அரசின் மாதிரி நிலையாணைகள் தகுதிகாண் பருவத்தை மூன்று மாதமாக வைத்திருந்தன. புதியவர் அக்காலத்தில் பழகி, தேறி, நிலைபெறுவார் என்பது எதிர்பார்ப்பு. ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை வேறு. ஆலை நிர்வாகம் அவரை ஒப்பந்ததாரரின் ஆள் எனக் கருதுகிறது. ஒப்பந்ததாரரோ வேலை கற்றுத்தருவது ஆலையின் பொறுப்பு எனக் கருதுகிறார். இடையில் அவர் யாராலும் அறிமுகம் செய்யப்படாதவராகிறார். தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறை ஒப்பந்ததாரர் வழி வந்தவரையும் தொழிலாளர் என்றே கொண்டது. புதிய தொகுப்பும் நலவசதிகளை வழங்கும் பொறுப்பை முதன்மை வேலையளிப்பவரிடமே வைத்துள்ளது. நிரந்தரத் தொழிலாளர் ஒரு நாள் முழுதும் கேட்கும் பாதுகாப்பு வகுப்பை இவர் வாயிலில் பத்து நிமிடங்களில் கேட்டு முடிப்பது அதனால் நியாயமாகிவிடாது. இயந்திரம் இருவரையும் வேறுபடுத்துவதில்லை.

தமிழ்நாடு அரசு 1981 இல் இயற்றிய நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. அந்நாட்கள் நிறைவதற்கு முன் தொழிலாளரை நிறுத்துவதும், வேறு ஒப்பந்ததாரர் பெயரில் மீண்டும் எடுப்பதும் தொழிற்சங்கங்கள் நீண்டகாலமாகக் கூறிவரும் குறை. அவ்வாறு எடுக்கப்படுபவர் ஐந்து ஆண்டுகள் அதே இயந்திரத்தின் முன் நின்றிருந்தாலும் பதிவேட்டில் புதியவரே. மறுநாள் சேரும் இளைஞருக்கு வேலை கற்றுத்தருபவரும் பல நேரங்களில் அவரே.